பருவ மாறுதலும் நிலத்தின் முதலும்

கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடன் வழங்குமுன் மனுதாரருடைய சிட்டா, அடங்கல், சாகுபடிப் பரப்பு, முன்பாக்கி ஆகியவை தவறாமல் பார்க்கப்படுகின்றன. அக்கடனை உண்மையில் திருப்பிக் கொடுக்கப்போவது எதுவோ, அந்த மண்ணின் நிலை மட்டும் பெரும்பாலும் பார்க்கப்படுவதில்லை. பத்து வருஷங்களுக்கு முன் இத்தனை மூட்டை கண்டது, ஆகையால் இனியும் காணும் என்பதே கடன் கேட்பவர், கொடுப்பவர் இருதிறத்தாருடைய எண்ணமும். பருவம் ஓரளவு ஒழுங்காக நடந்த காலத்தில் இவ்வெண்ணத்தால் பெருங்கெடுதி நேரவில்லை. பருவம் மாறிவரும் இந்நாளில் இது சங்கத்தையும் குடியானவரையும் சேர்த்தே ஏமாற்றக்கூடியது. காரணம் யாதெனில், மாறிவரும் வெயிலும் மழையும் அந்தந்த வருஷத்துப் பயிரை மட்டும் கெடுத்துவிட்டுப் போவதில்லை. பயிரை விளைவிக்கும் மண்ணின் வளத்தையே சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. முன்னது எல்லோர் கண்ணிலும் படுகிறது. நஷ்ட ஈடும் உண்டு. பின்னது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. காவிரிப் பாசனப் பிரதேசத்தை உதாரணமாகக் கொண்டு அவ்விவரம் இங்கே கூறப்படுகிறது.

‘அந்தக் காலத்து மழை இப்போது இல்லை’ என்று முதியோர் சொல்வது எக்காலத்தும் உண்டு. ஆனால் இப்போது சொல்லப்படும் மாறுதல் நினைவைக்கொண்டு சொல்வதன்று; அளந்து கண்டது. 1901 முதல் 2018 வரையில் இந்தியாவின் சராசரி உஷ்ணம் ஏறக்குறைய 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாக, மத்திய சர்க்காரின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. நிலக்கரியும் எண்ணெயும் பெருவாரியாக எரிக்கப்படுவதால் காற்றில் கரியமில வாயு பெருகியதே இதன் முக்கிய காரணம். யந்திரத் தொழில்கள் பரவுமுன் 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. 0.7 டிகிரி என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது தேசம் முழுமைக்கும், இரவு பகல் எல்லாவற்றுக்கும் எடுத்த சராசரி. மேலும், உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் காற்று தாங்கக்கூடிய நீராவி 100-க்கு சுமார் 7 பங்கு கூடுகிறது. ஆதலால் மழையில்லாத நாட்களில் காற்றானது நிலத்து ஈரத்தை முன்னிலும் அதிகமாக உறிஞ்சுகிறது. பெய்யும் நாளிலோ ஒரே மூச்சாகக் கொட்டுகிறது. வருஷத்து மொத்த மழை அளவு மாறாமலிருந்தும் விவசாயம் கெடுவது இவ்வாறுதான்.

மட்கு என்னும் முதல்

நிலத்தின் வளம் என்று சொல்லப்படுவதில் மணல், வண்டல், களி ஆகியவை ஒரு பங்கு. அவை எளிதில் மாறுபவை அல்ல. மாறுவதும், வளத்துக்கு உயிராக இருப்பதும் மட்கு. இலை, தாள், வேர், சாணம் ஆகியவற்றை மண்ணிலுள்ள புழுக்களும் நுண்ணுயிர்களும் தின்று செரித்தபின் எஞ்சும் கருநிறப் பொருளே அது. மட்கு உள்ள மண் கையில் பொலபொலவென்று உதிரும். மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இட்ட எருவைப் பற்றிக்கொண்டு வேருக்குச் சிறிது சிறிதாக விடும். மட்கு குறைந்த மண் காய்ந்தால் கல்லாகும், நனைந்தால் சேறாகும். இட்ட எருவில் பெரும்பகுதி நீரோடும் காற்றோடும் போய்விடும்.

ஒரு ஏக்கரில் மேல்மண் அரையடி ஆழத்துக்கு சுமார் 9 லட்சம் கிலோ எடை இருக்கும். மண் பரிசோதனைச் சீட்டில் ‘அங்ககக் கரிமம்’ என்ற தலைப்பில் 0.5 என்று கண்டிருந்தால், அந்த மேல்மண்ணில் 4,500 கிலோ கரிமம் உள்ளதென்று பொருள். மட்காகக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 7,700 கிலோ ஆகும். அதனுள் அடங்கியிருக்கும் தழைச்சத்து சுமார் 400 கிலோ. இதில் வருஷத்துக்கு 100-க்கு 2 முதல் 4 பங்கு வரை நுண்ணுயிர்களின் வேலையால் கரைந்து பயிருக்குக் கிடைக்கிறது. அதாவது 8 முதல் 16 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள தழைச்சத்து சுமார் 21 கிலோதான் என்பதைக் கவனித்தால், பணம் கொடாமல் வரும் இவ்வரவின் அருமை விளங்கும். நெல் வயலின் நீரிலும் சேற்றிலும் வாழும் பாசியும் நுண்ணுயிர்களும் காற்றிலிருந்து பிடித்துச் சேர்ப்பது தனி. யூரியா இட்ட வயலில்கூட, நெற்பயிர் தான் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தில் பாதிக்கு மேற்பட்டதை மண்ணிலிருந்தே எடுக்கிறதென்பது நெல் ஆராய்ச்சியாளர் பலமுறை சோதித்துக் கண்ட விஷயம்.

ஆகவே மட்கு முதல். வருஷந்தோறும் அதிலிருந்து கரைந்து வருவது வட்டி. தாளும் எருவும் தழையும் மண்ணுக்குத் திரும்பினால் முதல் குறையாது. திரும்பாவிட்டால் குடியானவர் வட்டியென்று எண்ணி முதலையே தின்றுகொண்டிருப்பார். அங்ககக் கரிமம் 0.5-க்குக் கீழ் இருந்தால் ‘குறைவு’, 0.75-க்கு மேல் இருந்தால் ‘அதிகம்’ என்பது பரிசோதனை நிலையங்களின் வகுப்பு. சொந்த நிலம் எந்த வகுப்பில் இருக்கிறதென்று அறியாமலே ஆயுள் முழுவதும் பயிரிடுவோர் பலர்.

உஷ்ணம் இங்கேதான் குறுக்கிடுகிறது. ஈரமும் காற்றும் இருக்குமானால், 10 டிகிரி உஷ்ணம் கூடுந்தோறும் மட்கு கரையும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். இதனால்தான் குளிர்நாட்டு மண் கருத்தும், வெப்பநாட்டு மண் வெளுத்தும் காணப்படுகின்றன. ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி ஏற்றத்துக்கு இக்கணக்குப்படி வரும் வேகம் சிறிதுதான். ஆனால் அது நில்லாத சிறிது. ஒவ்வொரு நாளும், எருவிடாத வருஷத்திலும் நடப்பது. வரவு பழைய அளவிலேயே நின்று செலவு மட்டும் சற்றே கூடினால் பேரேட்டில் என்ன ஆகுமென்பது சங்கத்து அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

வரவும் பழைய அளவில் நிற்கவில்லை என்பதே வருந்தத்தக்கது. முன்னாளில் காவிரி பெருகிவரும்போது நீரோடு வண்டலும் வந்து வயலில் படிந்தது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் பாசனம் உறுதிப்பட்டது. ஆனால் மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. டிராக்டர் வந்தபின் உழவு மாடு குறைந்தது. மாட்டோடு எருவும் குறைந்தது. யந்திரத்தில் அறுத்த வயலின் வைக்கோல் கட்டுக் கட்டாக வெளியூர் போகிறது, அல்லது வயலிலேயே கொளுத்தப்படுகிறது. நெல் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறதென்பதை விற்பவரும் நினைப்பதில்லை, வாங்குபவரும் நினைப்பதில்லை. மிச்சமுள்ள எருவும் பல ஊர்களில் தெருவோரத்துக் குப்பைமேட்டில் வெயிலில் காய்ந்து, மழையில் ஊறிக் கிடக்கிறது. அதிலுள்ள தழைச்சத்து வயலுக்குப் போய்ச் சேருமுன்பே பாதி ஆகாயத்துக்கும் பாதி சாக்கடைக்கும் போகிறது. இந்தக் குறைக்குப் பருவத்தின்மேல் பழி சொல்வதற்கில்லை.

நெல் வயலுக்கு இயற்கையாக ஒரு பாதுகாப்பு உண்டு. நீர் தேங்கி நிற்கும் சேற்றில் பிராணவாயு குறைவு. ஆதலால் மட்கு மெதுவாகவே கரையும். குறுவை, சம்பா, தாளடி என்று நீருக்கடியில் நெடுங்காலம் இருந்துவந்த தஞ்சை மண் தன் முதலைக் காத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம். மேட்டூரில் ஜூன் 12-ந் தேதி நீர் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷங்கள் அத்தேதியில் திறக்க இயலவில்லை. 2012-ல் செப்டம்பர் 17-ந் தேதியும், 2016-ல் செப்டம்பர் 20-ந் தேதியும், 2017-ல் அக்டோபர் 2-ந் தேதியும் திறக்கப்பட்டன. இது முழுவதும் மழையின் குற்றம் என்று கொள்ளலாகாது. மேல்மாகாணத்தோடு உள்ள நீர்ப் பங்கீட்டு வழக்கும் அதில் அடங்கியிருந்தது. காரணம் எதுவாயினும் மண்ணுக்கு நேர்ந்தது ஒன்றே. ஆழ்குழாய்க் கிணறு உடையவர் குறுவை செய்தனர். வாய்க்காலை நம்பியவர் நிலம் வெயிலில் வெடித்துக் கிடந்தது. பயிரில்லாத நிலத்துக்கு வேரும் இல்லை, தாளும் இல்லை. மட்கு கரைவது மட்டும் உண்டு.

காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்தவுடன் ஒரு விசேஷம் நடக்கிறது. வறட்சியில் அடங்கியிருந்த நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்தெழுந்து மட்கைக் கரைக்கின்றன. சில நாட்களுக்குள் ஏராளமான தழைச்சத்து வெளிப்படுகிறது. கோடை மழைக்குப் பின் முளைத்த பயிர் கருகருவென்று பச்சை கட்டுவது இதனால். பெரியோர்கள் புழுதி உழவு செய்து, மழையை எதிர்நோக்கி விதைத்த வழக்கத்தில் இவ்வருமையான சத்தைப் பயிர் பிடித்துக்கொண்டது. இப்போதோ முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே நெடிய வறட்சி வருகிறது. அல்லது முதல் மழையே பெருவெள்ளமாக வருகிறது. வெளிப்பட்ட சத்தை எடுத்துக்கொள்ளப் பயிர் இருப்பதில்லை. அது நீரோடு கீழிறங்கிவிடுகிறது, அல்லது தேங்கிய நீரில் வாயுவாக மாறிப் போகிறது. மழையும் வெயிலும் மாறி மாறி வருந்தோறும் நிலத்தின் முதலில் ஒரு பகுதி இவ்வாறு வீணாகிறது.

கோயமுத்தூரில் விவசாயக் கலாசாலை நிலத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை நூறு வருஷங்களுக்கு மேலாக நடந்துவருகிறது. உலகத்திலேயே இவ்வளவு பழமையான எருச் சோதனைகள் மிகச் சிலவே. எருவே இடாத பாத்தி, ரசாயன எரு மட்டும் இட்ட பாத்தி, தொழு எரு இட்ட பாத்தி என்று ஒரே நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துகிறார்கள். தொழு எரு பெற்ற பாத்தியில் மண்ணின் கரிமம் நிலைத்து உயர்ந்ததென்பதே அதில் தெளிவாகக் கண்டது. ரசாயன எரு கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அது பயிருக்கு ஆகாரம். மண்ணுக்கு ஆகாரம் வேறு.

மழை தவறிய வருஷமும் மிகுந்த வருஷமும்

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 100-க்கு 62 பங்கு குறைந்தது. சராசரி 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய மூன்று மாதங்களில் பெய்தது 168 மில்லிமீட்டர். 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசம் என்று சர்க்கார் அறிவித்தனர். சம்பா கருகியது, வைக்கோலும் இல்லாமையால் மாடுகள் விலைபோயின, மாடு போனபின் எரு போயிற்று. ஒரு வருஷத்து வறட்சி அடுத்த பல வருஷங்களின் மண்ணை இவ்வழியாகவும் பாதிக்கிறது.

இதற்கு நேர்மாறாக, 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் காலந்தவறிய மழை பெய்து, அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் சாய்ந்து நீரில் முளைத்தன. நெல்லின் ஈரம் 17 பங்குக்கு மேற்பட்டால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க விதியில்லை; விதி தளரும் வரையில் மூட்டைகள் களத்தில் காத்துக் கிடந்தன. இந்நஷ்டம் பத்திரிகைகளிலும் பேசப்பட்டது. பேசப்படாதது ஒன்றுண்டு. சம்பா அறுவடைக்கு சுமார் பத்து நாள் முன், வயலில் மிதமான ஈரம் இருக்கும்போது உளுந்தும் பச்சைப்பயறும் நெற்பயிருக்குள்ளேயே விதைப்பது தஞ்சைச் சீமையின் வழக்கம். உழவில்லை, எருவில்லை, தண்ணீர் இறைப்பில்லை. பனியும் மண்ணின் ஈரமுமே போதும். அப்பயறு குடும்பத்துக்குப் பருப்பாகிறது, கையில் ரொக்கமாகிறது, வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் ஆகிறது. அறுவடைச் சமயத்தில் மழை கொட்டினால் விதை அழுகும். அறுவடை யந்திரம் சேற்றில் புதைந்து தடம் பதித்து முளைத்ததையும் நசுக்கும். தையில் பனியும் ஈரமும் சீக்கிரம் வற்றினாலோ முளையே வராது. ஆகவே பருவம் ஒரு வாரம் பிசகினாலும் மண்ணும் குடும்பமும் ஒருங்கே இழக்கும் பயிர் இது. அதை வெறும் உபரிப் பயிராக மதித்து, போனால் போகிறதென்று விடுவது சரியான கணக்கன்று.

பெருமழையின் வேகம் எவ்வளவு என்பதற்கு 2023 டிசம்பர் 17, 18-ந் தேதிகளில் தூத்துக்குடி ஜில்லா காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் பெய்த 95 சென்டிமீட்டர் மழையைச் சொல்லலாம். தஞ்சாவூருக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்வதை ஏறக்குறைய ஒட்டிய அளவு அது. எந்தக் குறிப்பிட்ட வெள்ளத்தையும் இது உலக உஷ்ண ஏற்றத்தால்தான் வந்ததென்று தனியே சுட்டுவது எளிதன்று. இத்தகைய மழை அடிக்கடி வருவதற்கு இடமேற்பட்டுவிட்டது என்பதே சொல்லத்தக்கது. அவ்வித மழையில் முதலில் போவது மேல்மண். மேல்மண்ணில்தான் மட்கு மிகுதியாக இருக்கிறது. வயலில் தாள் மூடாக்கும், உயர்ந்த வரப்பும், தூர்ந்துபோகாத வடிகாலும் இருந்தால் ஓரளவு நிற்கும்.

உஷ்ணத்தினால் பயிருக்கு நேரே ஏற்படும் கெடுதியையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். நெல் பூக்கும் வேளையில் வெயில் 35 டிகிரிக்கு மேற்பட்டால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். பகலைவிட இரவின் வெப்பம் அதிகக் கெடுதல் செய்கிறதென்பது பலர் அறியாதது. பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1992 முதல் 2003 வரை தம் வயல்களில் கண்ட விளைச்சலையும் உஷ்ணத்தையும் ஒப்பிட்டு 2004-ல் வெளியிட்டதில், கோடைப் போகத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது விளைச்சல் 100-க்கு 10 பங்கு குறைந்ததென்று கூறினர். பகலில் இலை சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

கடைமடை நிலங்கள்

நாகப்பட்டினம் ஜில்லாவில் தலைஞாயிறு, வேதாரண்யம், கீழையூர் பக்கத்து நிலங்களுக்கு வேறொரு தொல்லையும் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. கடல் உயர, ஆற்றில் நன்னீர் வரத்துக் குறைய, உப்புநீர் முகத்துவாரங்கள் வழியே உள்ளே ஏறும், நிலத்தடியிலும் நகரும். அத்துடன் வெயில் மிகுந்தால் கீழ்மண்ணின் ஈரம் மேலே இழுக்கப்பட்டு ஆவியாகி, உப்பு மட்டும் மேற்பரப்பில் பூத்துவிடும். கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வருவது முறைப் பாசனத்தின் பழைய குறை. இப்போது அக்குறையால் பயிரோடு நிலமும் கெடுகிறது.

இங்கே ஒரு தவறான வழக்கத்தை எடுத்துக்காட்டுவது அவசியம். மண் வெளுத்திருக்கிறதென்றால் உடனே ஜிப்சம் வாங்கிக் கொட்டுகிறார்கள். உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவரில் கரையும் உப்புகள் மிகுதி; அதற்கு நன்னீரைத் தேக்கி, கரைத்து, வடிகாலில் வெளியேற்றுவதே வைத்தியம்; ஜிப்சத்துக்குப் போட்ட பணம் வீண். களரில் சோடியம் மண்துகளைப் பற்றிக்கொண்டு நீர் இறங்காதபடி அடைத்திருக்கும். அங்கே ஜிப்சம் இட்டு, நீர் கட்டி வடித்தால்தான் குணமாகும். எந்த நிலம் எது என்பது கண்ணுக்குத் தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும். வடிகால் இல்லாத இடத்தில் இரண்டு வைத்தியமும் பலிக்கா. வடிகாலோ ஒருவர் நிலத்தோடு முடிவதன்று. ஆகவே இது தனி மனிதனால் ஆகக்கூடிய காரியமன்று.

உவரைத் தாங்கும் விதைகள் உண்டு. திருச்சியில் வெளியிடப்பட்ட டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 ஆகிய ரகங்கள் களர் உவர் நிலத்துக்கென்றே தேர்ந்தவை. நாட்டு நெல்லில் களர்பாலை, குழியடிச்சான் முதலியவை கடலோரத்தார் நெடுங்காலம் கையாண்டவை. தாழ்ந்த வயல்களில் வெள்ளம் சுமார் இரண்டு வாரம் மூழ்கடித்தாலும் பிழைக்கக்கூடிய சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகமும் இருக்கிறது. ஆயினும் தாங்கும் விதை கிடைத்துவிட்டதென்று மண்ணைக் கைவிடுவது நோயைத் தாங்கப் பழகிக்கொண்டு மருந்தை நிறுத்துவதற்குச் சமானம்.

உணவின் உறுதி

ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கும்போது உணவுக்குப் பயமென்ன என்று கேட்கலாம். அந்த அரிசியும் ஏதோவொரு மண்ணில் விளைந்ததே. 2022 மார்ச்சு மாதம் இந்தியாவில் 1901 முதல் கண்ட மார்ச்சுகளில் மிக வெப்பமானதாக இருந்தது; கோதுமை பால்பிடிக்கும் வேளையில் காய்ந்தது; மே 13-ந் தேதி கோதுமை ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியும் நிறுத்தப்பட்டு, 2024 செப்டம்பர் வரை அத்தடை நீடித்தது. இந்திய அரிசியை நம்பியிருந்த வெளிநாட்டார் அதனால் விலையேற்றத்தை அனுபவித்தனர். பெரிய தேசமே கையிருப்பை எண்ணிப் பார்க்கும் நிலை வந்தது.

கிராமத்திலோ கையிருப்பு முன்போல் இல்லை. பத்தாயமும் குதிரும் பல வீடுகளில் காலி. அறுவடையான நெல் முழுவதும் களத்திலிருந்தே கொள்முதல் நிலையம் போகிறது. வீட்டுக்கு அரிசி கடையிலிருந்து வருகிறது. அரிசி வந்துவிட்டாலும் பருப்பு, கீரை, பால் வந்துவிடுவதில்லை. தரிசு உளுந்து போன வருஷத்தில் அந்தக் குடும்பம் உண்ணும் பருப்பு குறைகிறது. மாடு விற்ற வருஷத்தில் பிள்ளைகளின் பால் குறைகிறது. குத்தகைக்கு உழுபவர் வீட்டில் இது முதலில் தெரியும். ஏனெனில் மண்ணுக்கு எருவிட அவருக்கு மனமிருந்தாலும், அடுத்த வருஷம் அந்நிலம் தம்மிடம் இருக்குமென்ற நிச்சயம் இல்லை.

சங்கங்கள் செய்யத்தக்கது

பயிர்க் காப்பீடு 2016 முதல் புதிய திட்டத்தின்கீழ் நடைபெறுகிறது. அதைத் தவறவிடுவது பெரும் பிசகு. சம்பாப் பயிருக்குக் காப்புத் தொகையில் 100-க்கு ஒன்றரைப் பங்கு மட்டுமே குடியானவர் கட்ட வேண்டியது; 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயமன்று ஆகையால், சங்கத்தில் கடன் வாங்கினோம், தானாகவே சேர்ந்திருக்கும் என்று இருந்துவிடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆனால் காப்பீடு கொடுப்பது போன பயிருக்கு, போன மேல்மண்ணுக்கல்ல. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி செய்யப்பட்டு 16.43 லட்சம் பேர் பயனடைந்தனர். அது சங்கத்துப் பேரேட்டில் இருந்த பாக்கியைத் தீர்த்தது. மண்ணுக்குள்ள பாக்கி அப்படியே நிற்கிறது. அதை எந்தச் சர்க்காரும் தள்ளுபடி செய்ய இயலாது.

சங்கம் கடனில் ஒரு பகுதியை எருவாகவே கொடுக்கிறது. அந்த எரு பெரும்பாலும் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ். இவற்றோடு பசுந்தாள் விதையையும் இருப்பு வைக்கும் சங்கங்கள் குறைவு. தக்கைப்பூண்டு விதை ஏக்கருக்கு 20 கிலோ போதும். கோடை மழையில் விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், நன்கு வளர்ந்த பயிரில் 30 முதல் 40 கிலோ தழைச்சத்தும், பல டன் பசுந்தழையும் மண்ணில் சேரும். உவரைத் தாங்குவதால் கடைமடைக்கும் அது ஏற்றது. விதை வேண்டுவது வைகாசியில். ஆனால் அப்போது தேடினால் விலை ஏறியிருக்கும், அல்லது முளைப்புத்திறன் கெட்ட விதை வரும். பங்குனிக்குள் அங்கத்தினர்களின் தேவையை எழுதி வாங்கி மொத்தமாகத் தருவிப்பது சங்கத்தால் மட்டுமே ஆகும். 2024-25-ல் தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்னும் சர்க்கார் திட்டத்தில் பசுந்தாள் விதைக்கு மானியமும் உண்டு. வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியலாம்.

தொழு எரு ஏக்கருக்கு 5 டன் இடவேண்டுமென்பது சிபாரிசு. மாடு குறைந்த ஊரில் அது எல்லோருக்கும் ஆகாது. ஆகாதவர் ஏரி, குளத்து வண்டலை நாடலாம். தாசில்தாரின் அனுமதி பெற்று எடுக்க வழியிருக்கிறது. வண்டியும் கூலியும் ஒருவருக்குக் கட்டாது. பத்துப் பேர் சேர்ந்து மனுக்கொடுத்து ஒரே சமயத்தில் அடித்தால் கட்டும். சில குளங்களின் வண்டலில் உப்பு இருப்பதால் முதலில் ஒரு பிடி மண்ணைச் சோதித்துவிட்டு அடிப்பது நலம்.

யூரியா இடுவதிலும் சிக்கனம் இருக்கிறது. தேங்கிய நீரில் உச்சிவேளையில் வீசும் யூரியா மிகுதியும் அமோனியாவாக ஆவியாகிறது. நீரிலுள்ள பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நண்பகலில் நீரின் காரத்தன்மை ஏறுவதே இதற்குக் காரணம்; வெயில் மிகுந்தால் நஷ்டமும் மிகும். நீரை வடித்துச் சேற்றில் இட்டு, மறுநாள் நீர் கட்டுவதும், மூன்று நான்கு தடவையாகப் பிரித்து இடுவதும் அதே மூட்டையை அதிக பயிருக்கு உதவச் செய்யும்.

எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டுவது மண் பரிசோதனை. கடன் மனுவோடு மண்வளச் சீட்டையும் வாங்கி வைத்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அங்ககக் கரிமம் ஏறியதா இறங்கியதா என்று ஒவ்வோர் அங்கத்தினர் பெயருக்கும் எதிரே குறித்துவந்தால், எந்த நிலத்துக்குக் கொடுக்கும் கடன் வருஷத்துக்கு வருஷம் ஆபத்தாகிவருகிறதென்பது பாக்கி விழுமுன்பே நிர்வாகிகளுக்குத் தெரியும். கரிமம் இறங்கியவருக்குக் கடனை மறுப்பது இதன் நோக்கமன்று. எருவுக்கும் தழைக்கும் அவருக்கு முதலில் உதவுவதே நோக்கம். மாதிரி எடுக்கத் தக்க காலம் சம்பா, தாளடி அறுவடை முடிந்து வயல் காய்ந்த மாசி, பங்குனி மாதங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விலக்கி, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்பரப்பின் தாளை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் அரையடி ஆழம் வெட்டி, வெட்டின பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பங்கிட்டு, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோ ஆகும்வரை குறைக்கவேண்டும். நிழலில் உலர்த்தி, துணிப்பையில் இட்டு, சர்வே நம்பரும் முன் விளைந்த பயிரும் இனி வைக்கப்போகும் பயிரும் எழுதிய சீட்டை உள்ளே வைத்துக் கட்டவேண்டும். யூரியா வந்த சாக்கில் மட்டும் போடலாகாது. பைகளை ஒவ்வொருவரும் தனித்தனியே கொண்டுபோக அலையாமல் சங்கத்திலேயே வாங்கிச் சேர்த்து ஒரே நாளில் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினால், குறுவை நாற்றங்கால் விடுமுன் சீட்டுகள் திரும்பிவிடும்.